கறுப்பு ஒயரின் பேரம்

ஒரு ஊரில் ஒரு பள்ளிக்கூடம். அதில் நாலாம் வகுப்பு. அந்த வகுப்பின் மேஜை ஒன்றில் ஒரு பேட்டரிக் கட்டை, ஒரு குட்டி பல்பு, இரண்டு துண்டு ஒயர் ஆகியவை குடும்பம் நடத்தி வந்தன.

கட்டையின் மூக்கிலிருந்து பல்பின் அடிவரை மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிவப்பு ஒயர். பல்பின் கழுத்திலிருந்து அதைக் கட்டையின் தட்டையான அடிப்பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது கறுப்பு ஒயர். ஓட்டம் நிற்காதவரை பல்பு எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் குறையில்லை.

ஒரு நாள் ஜெசிந்தா மிஸ் ஒரு போட்டி வைத்தார்.

"யார் குறைஞ்ச சாமானை வச்சு பல்பை எரிய வைக்கிறீங்களோ, அவங்களுக்குத்தான் கைதட்டல். மேஜைமேல மிச்சம் கிடக்கிறது குப்பைக்கூடைக்குப் போயிடும். சரியா?"

குப்பைக்கூடை என்றதும் கறுப்பு ஒயரின் செம்பு இழைகள் சிலிர்த்துக்கொண்டன. தன்னை முறைத்துப் பார்க்கும் பல்பைக் கண்டதும் அதற்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"என்ன பார்வை அது?"

"ஒண்ணுமில்ல. சிவப்பண்ணன் எனக்குக் கொண்டுவந்து தர்றார். நீ என்கிட்ட இருந்து உருவிட்டுப் போறே. உன்னை வச்சு எனக்கு என்ன லாபம்னு யோசிச்சேன்."

"அதானே!" என்றது சிவப்பு. "நான் கொட்ட, இவன் அள்ளிட்டுப் போறான். இவன் தொலைஞ்சா உனக்கு ரெண்டு மடங்கு வெளிச்சம்டா."

"டேய், திரும்பிப் போக வழி இல்லேன்னா வரவே வராதுடா!" என்று கத்தியது கறுப்பு. "கட்டையண்ணே, நீங்களாவது சொல்லுங்க!"

"என்னை இழுக்காதீங்கப்பா," என்றது கட்டை. "ரெண்டு பக்கமும் என்னைத் தொட்டாத்தான் எனக்கு வேலை. இல்லேன்னா நான் பாட்டுக்குத் தூங்குவேன்."

இதற்குள் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த அஃப்ரீனின் கை வந்துவிட்டது. அவளுக்கும் பல்பின் கணக்கேதான். கட்டையிலிருந்து பல்புக்கு ஒரு ஒயர் போனால் போதாதா, இன்னொன்று எதற்கு? கறுப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

பல்பு அணைந்தது.

"சிவப்பண்ணே, எங்கே போனீங்க?"

"இங்கேதான்டா, உன்னைத் தொட்டுக்கிட்டுதான் நிக்கிறேன்!"

"தொட்டா போதுமா? கொண்டாங்க!"

"எதைடா கொண்டுவர? ஒண்ணும் நகரல!"

மேஜை விளிம்பில் கிடந்த கறுப்புக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனால் சிரிக்க நேரமில்லை. அஃப்ரீனின் பக்கத்தில் இருந்த குமரேசனின் முழங்கை ஒருமுறை இடித்தால் அது நேரே கூடையில்தான்.

அஃப்ரீன் நகத்தைக் கடித்தாள். பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, சிவப்பையும் உருவிப் போட்டாள். பல்பை எடுத்துக் கட்டையின் மூக்குமேல் நேராக உட்கார வைத்தாள். கறுப்பின் ஒரு நுனியைக் கட்டையின் அடியிலும் மறுநுனியைப் பல்பின் கழுத்திலும் வைத்து அழுத்தினாள்.

குப்பென்று வெளிச்சம்!

"மிஸ்! ஒரே ஒயர் மிஸ்!" என்று குமரேசன் குதித்தான். கைதட்டல் அடங்குவதற்குள் ஜெசிந்தா மிஸ் சிவப்பைச் சுருட்டிக் கூடையில் போட்டார்.

"அடப்பாவிகளா, நான்தானே இவ்வளவு நாளும் சுமந்தேன்!" என்று கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பல்பு காதில் வாங்கவில்லை. கட்டையின் தலைமேல் உட்கார்ந்த மிதப்பு அதற்கு.

"சனியன் ஒழிஞ்சான். கறுப்பண்ணே, இனிமே நீங்கதான் நம்ம ஆளு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் இப்போ ஊற்றுக்கண்மேலயே உட்கார்ந்திருக்கேன். வர்றதுல பாதியை என்கிட்டயே விட்டுடுங்க. மீதியைத் திருப்பிக் கொண்டுபோங்க. என்ன சொல்றீங்க?"

பிடித்துப் பிடித்து அஃப்ரீனின் விரல் வியர்த்திருந்தது. கறுப்புக்கு அந்த வழுக்கல் போதும். பல்பின் கழுத்திலிருந்து நழுவிக்கொண்டது.

இருட்டு.

"பாதி என்ன, முழுசையும் நீயே வச்சுக்கோ," என்றது கறுப்பு.

"ஐயோ அண்ணே, விளையாடாதீங்க! ஒண்ணுமே இல்லையே!"

அஃப்ரீன் மறுபடி அழுத்தினாள். கறுப்பு மறுபடி நழுவியது. தலைமேல் இருந்த பல்பு தள்ளாடி உருண்டு மேஜைமேல் விழுந்தது. மிஸ் திரும்பிப் பார்த்தார். எரியாத பல்பு, சும்மா கிடக்கும் ஒயர். இரண்டுக்குமே இனி கூடைதான் பாக்கி.

"அண்ணே, உங்களையும் தூக்கிப் போட்டுருவாங்க! என்ன வேணும், சொல்லித் தொலைங்க!"

"சிவப்பைக் கூப்பிடு."

"உங்களைத் துரத்தச் சொன்னதே அவன்தானே!"

"சொன்னான். அதை அவன்கிட்ட நான் கேட்டுக்கிறேன். அவன் இருந்தாத்தான் நீ கட்டையண்ணன் தலைமேல ஏறிப் பங்கு கேட்க மாட்டே. நீ கூப்பிடு. இல்லேன்னா மூணு பேரும் கூடைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்."

பல்பு சுற்றிலும் பார்த்தது. மிஸ்ஸின் கை மேஜையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சிவப்பண்ணே!" என்று அது கத்தியது. "வாங்கண்ணே!"

அஃப்ரீன் விரலை உதறிக்கொண்டாள். "மிஸ், போட்டிதான் முடிஞ்சிருச்சே. ஒத்தை ஒயர்ல பல்பு நிக்க மாட்டேங்குது. அந்தச் சிவப்பையும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டபடியே கூடைக்குள் கையை விட்டாள்.