காட்டுச்சேனை பூத்த நாள்

உலகம்மையிடம் கிழங்கு வளர்க்கக் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் மாசிலாமணிதான். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்து நான்கு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை அம்மா என்பார். தென்காசிப் பக்கம் இருந்த அவள் வீட்டுத் தோட்டத்தில் கூவைக்கிழங்கு, முள்வள்ளி, கொடியில் காயாகத் தொங்கும் காவள்ளி என்று, சந்தையில் கேட்டால் கடைக்காரர் முழிக்கிற வகையெல்லாம் விளைந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கொத்திக் களை பறித்து முடித்ததும் அவித்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் வரும். எல்லோரும் கையை ஒரு தடவை கழுவிவிட்டு உட்காருவார்கள். மாசிலாமணி ஏழு தடவை கழுவுவார். ஏழாவது தடவையும் முகர்ந்து பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்பூனை எடுத்து அதால் சாப்பிடுவார். கிழங்கை ஸ்பூனால் தின்கிற மனிதரை அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. ஆனாலும் யாரும் சிரித்ததில்லை. முப்பத்திரண்டு வருஷம் அவர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் வந்தபோதே அவர் கேட்டார்.

"அம்மா, என் கையில இருக்க வாடையை மண்ணு எடுத்துக்கிடுமா?"

மலையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த காட்டுச்சேனையில் இரண்டே கிழங்குகள் உலகம்மையிடம் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"உங்க வீட்டுப் பின்னாடி நட்டு வைங்க."

சேனையைத் தை மாதம் தோண்டி எடுப்பதுதான் வழக்கம். மாசிலாமணி தோண்டவில்லை. கேட்டால், ஆயுசுக்கும் வேண்டிய அளவு தூக்கியாச்சு, உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும் என்பார். அண்ணாச்சி கிழங்கைத் தின்ன வளர்க்கவில்லை, கும்பிட வளர்க்கிறார் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். இப்படி நான்கு தை போனது.

ஐந்தாம் வருஷம் சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. அது கழிந்து பத்தாம் நாள் காலையில் மாசிலாமணி காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். அந்த வாடை அடித்தது.

அவருக்கு அதில் சந்தேகமே வராது. எலி செத்த வாடை வேறு, நாய் செத்த வாடை வேறு. இது மனிதனுக்கு இரண்டாம் நாள் வருகிற வாடை. தம்ளரை வைத்துவிட்டுக் கையை முகர்ந்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தார். வாடை கூடிக்கொண்டே போனது. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் கை மறக்கவில்லையே என்று அவருக்கு அழுகை வந்தது.

அப்புறம்தான் காற்று பின்பக்கமிருந்து வருவதைக் கவனித்தார்.

சேனை நட்ட இடத்தில் சருகைத் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று எழும்பி நின்றது. ஈரல் நிறத்தில் விரிந்த மடிப்பு. நடுவே மூளையைப் போலச் சுருங்கி உப்பிய கட்டி. மேலெல்லாம் ஈ. அவர் தம் வாழ்நாளில் ஈரல், மூளை இரண்டையும் எத்தனையோ தடவை கையில் ஏந்தியவர். ஆனால் அவை மண்ணுக்குள்ளிருந்து தாமாக முளைத்து வந்து பார்த்ததில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் பக்கத்து வீட்டுக் கொம்பையா மூக்கில் துண்டோடு சுவரோரம் வந்துவிட்டான். தெருவில் பாதிப் பேர் அவன் பின்னால் நின்றார்கள். எந்தப் பிணத்தைப் புதைத்திருக்கிறாரோ, போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதான் என்றான் அவன். வேலை பார்த்த இடத்திலிருந்து ஏதோ கூடவே வந்திருக்கிறது என்றாள் ஒருத்தி. நாக்குக்கு எலும்பில்லை என்பது சும்மாவா.

மாசிலாமணி எழுந்து உள்ளே போய் உலகம்மைக்குப் போன் செய்தார்.

"அம்மா, மண்ணு எடுத்துக்கிடல. திருப்பித் தந்துட்டு."

அவர் சொன்ன அடையாளத்தைக் கேட்டதும், "அதைத் தொடாதீங்க, நான் வாரேன்" என்றாள்.

அரைமணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், கொம்பையாவிடம் அது பூ என்று சொன்னாள். வருஷா வருஷம் தோண்டிவிடுவதால் யாரும் பார்த்ததில்லை, தோண்டாமல் விட்டால் சேனை இப்படித்தான் பூக்கும், ஈயைக் கூப்பிடத்தான் இந்த வாடை என்றாள். கொம்பையா நம்பவில்லை. துண்டையும் எடுக்கவில்லை.

உலகம்மை பூவின் பக்கத்தில் குனிந்தாள். மூன்று எட்டு பின்னால் போனாள். வேலியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

மாசிலாமணிக்குப் பூவைக் கண்ட அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. சாணிக்கும் புழுவுக்கும் முகம் சுளிக்காதவள், அவர் குருவாக எண்ணிய மனுஷி, ஒரு பூவின் முன்னால் நிற்க முடியாமல் கண்ணில் நீர் வழிய நின்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாய் கொப்பளித்துவிட்டுப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள்.

அவள் வீட்டிலிருந்த இன்னொரு சேனை முந்தின நாள் பூத்திருந்தது. அதன் மகரந்தத் தூள்தான் பொட்டலத்தில். ஒன்று தூள் உதிர்க்கிற நாளில் மற்றது வாடையோடு இருந்தால்தான் விதை பிடிக்கும். இத்தனை வருஷத்தில் இப்படி ஜோடி சேர்ந்தது இதுதான் முதல் தடவை. வாடை நின்றுவிட்டால் பயனில்லை. கையை உள்ளே விட்டு அடிவரை தடவ வேண்டும்.

"அவசரப்பட்டா பூ ஒடிஞ்சிரும். நிதானமாத் தடவணும். காலையில என் வீட்டுல, மிச்ச வாடையில தூள் எடுக்கதுக்கே எனக்கு உயிர் போயிட்டு. இது என்னால ஆகாது அண்ணாச்சி."

மாசிலாமணி சுற்றிலும் பார்த்தார். அங்கே மூக்கைப் பொத்தாமல் நின்றது அவர் ஒருவர்தான். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவர் மண்டி போட்டார். பொட்டலத்திலிருந்த மஞ்சள் நிறத் தூளை விரலில் தொட்டுக்கொண்டு அந்த ஈரல் நிற மடிப்புக்குள் கையை விட்டார். உள்ளே காய்ச்சல்காரன் உடம்புபோலச் சூடாக இருந்தது. இத்தனை காலம் அவர் கை தொட்டதெல்லாம் குளிர்ந்தவை. கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு பழகிய நிதானத்தோடு, எதையும் நசுக்காமல், அடியிலிருந்த சின்னச் சின்னப் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவியது. கொம்பையா எப்போது துண்டைக் கீழே விட்டான் என்று தெரியவில்லை.

முடித்து எழுந்தபோது முழங்கை வரை அந்த வாடைதான்.

உலகம்மை புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் வெளியாள் ஒருவர் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

"பழையது இருக்கும்மா. சின்ன வெங்காயம் இருக்கு."

"மோர் விட்டுப் பிசைஞ்சு, என் கையில உருட்டி உருட்டி வைங்க. காலையில தின்னது எல்லாம் போயிட்டு."

அவர் சட்டைப் பையைத் தொட்டார். ஸ்பூனால் பழையதைப் பிசைய முடியாது. குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கழுவினார். முகர்ந்தார். மறுபடி கழுவினார். மறுபடி முகர்ந்து, மூன்றாவது தடவைக்குச் சோப்பை எடுத்தார்.

படியிலிருந்து உலகம்மையின் குரல் வந்தது.

"இன்னும் எத்தனை தடவை கழுவப்போறீங்க அண்ணாச்சி? எனக்குப் பசிக்குதுல்லா."