கொண்டையனுக்காகப் போட்ட மொட்டை

ஒரு ஊர்ல ஒரு தையக்காரர் இருந்தாராம். பேரு தண்டபாணி. கடையில தையல் மெஷினுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள்ள ஒத்தை மீனு. நெத்தியில இம்மாம் பெரிய புடைப்பு இருக்குமே, அந்த மாதிரி மீன். அதனால அதுக்குக் கொண்டையன்னு பேரு. ம் சொல்லுடி.

"ம்."

ஆங், அப்படித்தான். நீ ம் சொல்லலேன்னா நான் யாருக்குக் கதை சொல்றது, சுவத்துக்கா?

அந்தக் கொண்டையன் தண்டபாணியைப் பாத்தா மட்டும் வாலை ஆட்டிக்கிட்டு சர்ருன்னு வரும். வேற யாரு வந்து கண்ணாடியைத் தட்டினாலும் திரும்பிக்கிட்டு முதுகைக் காட்டும்.

"மீனுக்கு ஆளு தெரியுமா?"

தெரியும்டி. தினம் தீனி போட்டு, தினம் மூஞ்சியைக் காட்டினா தெரியாம என்ன. தண்டபாணிக்கு அதுல அவ்வளவு பெருமை. அளவு கொடுக்க வந்தவங்களை எல்லாம் நிக்க வச்சு, "பாருங்க, என்னைத் தெரியுது பாருங்க"ம்பார். இப்படியே பேசிக்கிட்டு இருந்தா, தீபாவளிக்குக் கொடுத்த சட்டை பொங்கலுக்குத்தான் கைக்கு வரும்.

அப்புறம் ஒரு நாள் கொண்டையனுக்கு உடம்புக்கு முடியாம போச்சு. தீனி எடுக்கல. ஒருக்களிச்சு அடியில கிடக்குது. தண்டபாணி தண்ணியை மாத்தினார், கல்லுப்பு போட்டார், ஒண்ணுத்துக்கும் கேக்கல. அப்போ கண்ணை மூடிக்கிட்டு, "பழனியாண்டவா, எம் மீனு பொழைச்சா உனக்கு மொட்டை போடுறேன்"னு வேண்டிக்கிட்டார். அவர் பொண்டாட்டி சுருளி, "நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு சூடங்கூடக் கொளுத்தல நீங்க"ன்னா. வருத்தம் இருக்காதா அவளுக்கு?

மூணாம் நாளு கொண்டையன் குபுக்குன்னு மேல வந்து தீனியைக் கவ்விச்சு. தண்டபாணி பஸ்ஸைப் பிடிச்சு பழனிக்கு ஓடினார். கருகருன்னு சுருட்டை முடி, காதைத் தொடுற மீசை, எல்லாம் சரக் சரக்னு போச்சு. ஊருக்கு வந்து, சுருளிக்குக்கூட முகத்தைக் காட்டாம நேரா தொட்டிகிட்ட போய், "உனக்காகத்தான்டா"ன்னு குனிஞ்சு தலையைக் காட்டினார்.

கொண்டையன் பாத்துச்சு. பளபளன்னு, உருண்டையா ஒரு மண்டை. அடடா, நம்ம எடத்துக்கு வேற ஒரு கொண்டை மீனு சண்டைக்கு வந்திருக்குன்னு நெனச்சுக்கிச்சு. செவுளை விரிச்சுது. டொம். கண்ணாடியில ஒரே முட்டு.

சிரிக்காதடி. அந்த மனுசனுக்கு அழுகை வந்துருச்சு. எதுக்காக மொட்டை போட்டாரோ அதுக்கே அவரைத் தெரியல.

அப்புறம் குரங்குக் குல்லா மாட்டிக்கிட்டுப் போனார். தீனி போடக் குனிஞ்சாரா, குல்லா நழுவித் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. டொம். மறுநாள் சுருளியோட சவுரி முடியைத் தலையில கட்டிக்கிட்டுப் போனார். மொட்டையில சவுரி நிக்குமா? வழுக்கிக் காதுல தொங்குது. டொம், டொம். அதுக்கடுத்த நாள் கண்மையை எடுத்து மண்டை பூரா முடி மாதிரி வரைஞ்சுக்கிட்டுப் போனார். குனிஞ்சதுமே வேர்வையில மை ஒழுகி, கன்னமெல்லாம் கறுப்பு. டொம், டொம், டொம். கொண்டையனுக்கு வாயோரம் கிழிஞ்சு ரத்தம். தீனியும் எடுக்கல.

சுருளி பாத்தா. "இப்படியே விட்டா அது முட்டி முட்டியே செத்துரும். மீன் கடைக்காரரை வரச் சொல்லிட்டேன், கொண்டு போகட்டும்"னா. தண்டபாணி, எங்கயாவது உசுரோட இருந்தாப் போதும்னு தலையை ஆட்டினார். ம்?

"ம்... பாவம்."

பாவந்தான். கடைக்காரர் வர்றதுக்குள்ள கடைசியா ஒரு தடவை பாத்துக்கலாம்னு, தொட்டிக்கு முன்னாடி தரையில உக்காந்துட்டார். இத்தனை நாளும் மேல நின்னு குனிஞ்சு குனிஞ்சு மண்டையைத்தான் காட்டிக்கிட்டு இருந்திருக்கார். இப்ப அண்ணாந்து பாக்கவும், மண்டை பின்னாடி போயி மூஞ்சி முன்னாடி வந்துருச்சு.

கொண்டையன் விர்ருன்னு பாய்ஞ்சு வந்துச்சு. பாதியில நின்னுச்சு. ஒரு கண்ணால பாத்துச்சு. திரும்பி மத்த கண்ணால பாத்துச்சு. மீசை போனா என்ன, அதே கண்ணு, அதே மூக்கு. மெதுவா வந்து, அவர் மூக்குக்கு நேரா கண்ணாடியில வாயை வச்சுது. ம்ப்ச். வாலு ஆடுது பாரு, அப்படி ஆடுது.

தண்டபாணி விக்கி விக்கி அழுதார். சந்தோசத்துலதான். சுருளி கடைக்காரருக்குப் போன் போட்டு வர வேணாம்னுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "பழனியாண்டவர் நான் கேட்டதைக் கொடுத்துட்டார்"னா.

"நீயும் வேண்டிக்கிட்டியா?"ன்னார் தண்டபாணி.

"நேத்து வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"அது உங்களை அடையாளம் கண்டுக்கிட்டா, வருசா வருசம் உங்களுக்கு மொட்டை போடுறேன்னு."

என்னடி, ம்ங்கிற சத்தத்தையே காணோம்? மீனுக்குக் கண்ணை மூட இமை கிடையாது, பாவம். உனக்கு இருக்குல்ல, மூடு. கதை பழனிக்குப் பஸ் ஏறிருச்சு, நீ தூங்கு.