கொடுக்கு அளந்த வயது

வெதுவெதுப்பான ஒரு வளைகுடாவின் மணல் படுகையில் விசிறிச் சிப்பிகள் ஏராளமாக வாழ்ந்து வந்தன. விரித்த விசிறி போன்ற ஓட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, தண்ணீரில் தாவித் தாவிப் போகும். பக்கத்துப் பாறைப் பொந்தில் ஒரு பேய்க்கணவாய் இருந்தது. அதன் எட்டுக் கைகளில் சிக்கிய சிப்பி எதுவும் மீண்டதில்லை.

அப்போது வடக்கே குளிர்ந்த கடலிலிருந்து செங்கொடுக்கன் என்ற நண்டு அங்கே வந்து சேர்ந்தது. நேர்மையான நண்டு. சிப்பிகள் படும் பாட்டைப் பார்த்து, பொந்து வாசலில் போய் நின்று கொடுக்கை உயர்த்தியது.

“இனி ஒரு சிப்பியைத் தொட்டாலும் உன் கை துண்டாகிவிடும்!”

பேய்க்கணவாய் சண்டைக்கு வரவில்லை. “நான் பட்டினி கிடந்து சாகவா, அண்ணே? வாழ்ந்து முடித்த கிழமாகப் பார்த்து நாளுக்கு ஒன்று கொடு. இளசுகள் பக்கமே வரமாட்டேன்” என்றது.

நண்டு இதைச் சொன்னதும் மூத்த சிப்பிகள் கூடிப் பேசின. “எங்களுக்கு வயதாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் பிழைக்கட்டும். நீயே பார்த்து அனுப்பு” என்று நண்டிடம் கூறின.

“வயதை எப்படிக் கண்டுபிடிப்பாய்?” என்று, சம்மதம் சொல்லத் திரும்பி வந்த நண்டிடம் கேட்டது பேய்க்கணவாய்.

“இதென்ன பெரிய வித்தையா? ஓடு என் கொடுக்கை மறைத்தால் அது கிழச் சிப்பி. எங்கள் கடலில் நான் பார்க்காத சிப்பியா?”

“நல்ல அளவு” என்றது பேய்க்கணவாய். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, படுகையின் ஓரத்தில் ஒரு பெரிய சிப்பி துள்ளிக்கொண்டிருந்தது. நண்டு அதன் பின்னால் கொடுக்கை நீட்டிப் பார்த்தது. கொடுக்கு முழுவதும் மறைந்தது.

“வா, பாட்டி. உன் முறை.”

“நான் பாட்டி இல்லை, மாமா! சின்னப் பிள்ளை. மின்னி என் பெயர். அம்மா தேடுவாள்!”

“இவ்வளவு பெரிய ஓட்டை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையா? சாகப் பயந்து பொய் சொல்லாதே” என்று அதட்டி, இழுத்துப்போய்ப் பொந்து வாசலில் விட்டது நண்டு.

திரும்பும் வழியில் ஒரு தாய்ச் சிப்பி பதறிக்கொண்டு வந்தது.

“என் மகள் மின்னியைப் பார்த்தாயா, அண்ணா? போன மழைக்காலத்தில்தான் பிறந்தாள். தனியாகப் போகத் தெரியாதே!”

நண்டு அப்படியே திரும்பிப் பொந்துக்கு ஓடியது. வாசலில் வெற்று ஓடு கிடந்தது. சிப்பி ஓட்டில் ஆண்டுக்கு ஒரு குறுக்குக் கோடு விழும். கிழ ஓடு என்றால் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். நண்டு இந்த ஓட்டைப் புரட்டிப் பார்த்தது. ஒரு கோடுகூட இல்லை.

“ஐயோ, இது குழந்தை!”

பேய்க்கணவாய் சிரித்தது. “உன் கடல் குளிர்ந்தது. அங்கே சிப்பி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். இங்கே வெப்பமும் இரையும் தாராளம். ஒரு வயதுக் குஞ்சே உன் கொடுக்கை மறைத்துவிடும்.”

“தெரிந்துமா சொல்லாமல் இருந்தாய்?”

“நான் ஏன் சொல்ல வேண்டும்? அவள்தான் வாசல்வரை கதறிக்கொண்டு வந்தாளே. நீ கேட்டாயா?”

நண்டு வெற்று ஓட்டைத் தூக்கிக்கொண்டு படுகைக்குத் திரும்பியது.

தாய்ச் சிப்பி அதைப் பார்த்தது. 

“வயதான நாங்கள் போகிறோம் என்றுதானே சொன்னோம்!” என்றது மூத்த சிப்பி ஒன்று.

பிறகு எல்லாச் சிப்பிகளும் ஒன்றாக ஓட்டை அடித்துக்கொண்டு எழும்பின. கலங்கிய மணல் அடங்கியபோது, வெறும் படுகையில் நண்டு மட்டும் நின்றிருந்தது.

நீதி: ஓரிடத்தில் கற்ற அளவை வேறிடத்தில் வைக்குமுன், அவ்விடத்தில் வாழ்பவர் சொல்வதைக் கேள்.