பின்னால் கட்டிய கை

மலையெல்லாம் ராஜாவுக்குச் சொந்தம், மலையிலிருந்து உருண்டு தலையில் விழுகிற கல் மட்டும் குடிகளுக்குச் சொந்தம் என்றிருந்த காலத்தில், மாங்குன்ற நாட்டை வீரவல்லபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை என்று வாழ்கிறவன். அந்த ஆண்டு அவனுக்கு வந்த ஆசை, அரண்மனை மடைப்பள்ளிக்கு ஒரே கருங்கல்லில் சமையல் மேடை. "குனிந்து பார்த்தால் என் மீசை அதில் தெரிய வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

கல்லை அறுத்து மெருகேற்றுவது அங்காயியின் பட்டறை. கல்லை அனுப்புவது உக்கிராணத் தலைவர் தாண்டவராயர். அரண்மனைக்கு வருகிற, அரண்மனையிலிருந்து போகிற பொருளெல்லாம் அவர் பொறுப்பு. பேருக்குத்தான் பொறுப்பு. "வண்டி ஊருக்குள் வந்தபின் எவர் கை முதலில் பொருளில் படுகிறதோ, சேதத்துக்கு அவரே பொறுப்பு" என்று ராஜாவிடம் முத்திரை வாங்கி ஒரு சட்டம் போட்டிருந்தார். அந்தச் சட்டத்தை எழுதிய கை ஒரு செங்கல்லையும் தூக்கியதில்லை.

போன மாதம் வந்த கல்லை அங்காயியின் தம்பி சடையன் இறக்கினான். மேலே சுற்றியிருந்த பட்டுத் துணியைப் பிரித்தால் நடுவில் விரிசல். "வரும்போதே உடைஞ்சுதான் வந்துச்சு" என்றான். "கை யாருடையது?" என்றார் தாண்டவராயர். அவ்வளவுதான் விசாரணை. சடையன் காலில் விலங்கோடு ராஜபாட்டைக்கு ஜல்லி உடைக்கப் போனான். நல்ல கல்லெல்லாம் தாண்டவராயர் கட்டுகிற புது மாளிகைக்குப் போவது ஊருக்கே தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது.

இப்போது இரண்டாவது கல் பட்டறை வாசலில் வந்து நின்றது. வைக்கோல், அதன்மேல் பட்டு, பட்டின்மேல் ராஜ முத்திரை.

"இறக்கு தாயி, மாடு நிக்க மாட்டேங்குது" என்றார் வண்டிக்காரர் மூக்கன்.

"நிக்கட்டும் அண்ணே. நாங்களும் நிக்கிறோம்" என்றாள் அங்காயி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் கட்டிக்கொண்டார்கள்.

அது ராஜா கோயிலுக்குப் போகிற வீதி. யானை வந்தது, வண்டி வழியை அடைத்து நின்றது. தாண்டவராயர் பல்லக்கிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"அடியே! மகாராஜா முன்னால் கையைப் பின்னால் கட்டுகிறாயா? என்ன திமிர்!"

"முன்னால கட்டினா கல்லுல பட்டுரும் ஐயா. பட்டா உள்ளே போடுவீங்க. உங்க சட்டத்துக்குப் பயந்துதான் இப்படி நிக்கிறோம்."

யானை மேலிருந்த ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. கோயிலை மறந்தான். "கல்லைப் பார்த்தே பயப்படும் கல் தச்சர்களா? என்ன பெண்ணே கதை?"

"பிரிச்சுக் காட்டட்டும் மகாராஜா, நல்லா இருந்தா இப்பவே இறக்கிடுறோம். பார்க்காத கல்லுல கை வைக்க மாட்டோம்."

"ராஜ முத்திரையைச் சந்தேகப்படுகிறாள் பிரபு!" என்று கத்தினார் தாண்டவராயர். "இது மலையின் வயிற்றிலிருந்து எடுத்த கல். தாங்கள் ஏறியிருக்கும் யானை இதன்மேல் நின்று ஆடினாலும் ஒரு துகள் உதிராது!"

"யானை எதுக்குங்க ஐயா?" என்றாள் அங்காயி. "சந்தனம் பூசின உங்க உள்ளங்கையை அது தாங்குமா? எனக்கென்னமோ சந்தேகம்தான்."

வீதி சிரித்தது. சிரிப்பைத் தாங்குகிற உடம்பு இல்லை அவருக்கு. "இதோ பார்!" என்று ஓங்கிப் பட்டின்மேல் ஓர் அறை விட்டார்.

கல்லின் ஒரு மூலை கழன்று, பட்டோடு தரையில் விழுந்தது.

"கை பட்டாச்சு மகாராஜா!" என்றாள் அங்காயி. "கை பட்டாச்சு! கை பட்டாச்சு!" என்று வீதி முழுவதும் கூவியது.

தாண்டவராயருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிரபு, என் கையால் உடையவில்லை! ஓர் அறைக்குக் கருங்கல் உடையுமா? முன்னமே விரிந்திருந்தது! மலையில் வெட்டும்போதே விரிந்திருந்தது!"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ராஜா.

"நல்ல கல்லெல்லாம் அவரு கட்டுற புது மாளிகைக்குப் போகுது மகாராஜா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அங்காயி ஓரடி முன்னால் வந்து கேட்டாள்: "வரும்போதே உடைஞ்சு வந்துச்சுன்னுதானே என் தம்பியும் சொன்னான்? அவன் சொன்னா விலங்கு. இவர் சொன்னா என்ன மகாராஜா?"

ராஜா யானையை விட்டு இறங்கினான். உடைந்த கல்லையும் பார்த்தான், முதுகுக்குப் பின்னால் கட்டிய அத்தனை கைகளையும் பார்த்தான். "அதே விலங்குதான்" என்றான். "சடையனின் சுத்தியலைத் தாண்டவராயரிடம் கொடுங்கள். மேடைக்கு இவருடைய புது மாளிகையிலிருந்து கல்லைப் பெயர்த்து வாருங்கள். பெண்ணே, உனக்கு என்ன வேண்டும்?"

"தம்பி வரட்டும். அப்புறம், வண்டி மேலேயே பிரிச்சுப் பார்க்குற உரிமை வேணும். பழுதா இருந்தா வந்த வண்டியிலேயே திரும்பணும். எனக்கு மட்டும் இல்ல, சுமை இறக்குற எல்லாருக்கும்."

"கொடுத்தேன். பரிசும் உண்டு" என்றான் ராஜா. உக்கிராணத்துக்கு ஆள் ஓடியது. பட்டு மூடிய ஒரு தட்டு வந்தது.

சடையனும் வந்தான், காலில் விலங்குத் தழும்போடு. அங்காயி அவனைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தட்டு நீண்டதும் அவனை விட்டுவிட்டு, மறுபடியும் கையைப் பின்னால் கட்டினாள்.

"துணியை எடுக்கச் சொல்லுங்க மகாராஜா."

ராஜாவே எடுத்தான். உள்ளே ஒரு தங்கச் சங்கிலி, கொக்கி உடைந்து கிடந்தது.

மூக்கன் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கல்லைத் திருப்பி எடுத்துட்டுப் போகத்தானே போறேன் தாயி, இதையும் ஏத்திடவா?"

ராஜா சிரித்த சிரிப்பில் யானை மிரண்டது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் சுமை வந்து நிற்கிற இடத்திலெல்லாம், துணி விலகும் வரைக்கும், ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்கள். அதைத் திமிர் என்று சொல்ல எந்த உக்கிராணத்தாருக்கும் நாக்கு எழவில்லை.