மெழுகு போட்ட மாப்பிள்ளை

கோணக்குளத்தில் மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு மாசானம், பெத்தையா, வீரபாகு என்ற அண்ணன் தம்பி மூவரும் ஊரில் இல்லை. பழைய கார் ஒன்று வாங்கப் போயிருந்தார்கள்.

அந்தக் காரை நம்பித்தான் கடைக்குட்டி வீரபாகுவின் கல்யாணமே இருந்தது. முகூர்த்தம் ஐப்பசியில், அடைமழைக் காலத்தில். பெண்ணின் அப்பா ஆவுடையப்பனும் அதே ஊர்தான், கண்டிப்பான மனிதர். மாப்பிள்ளை சொட்டு ஈரமில்லாமல் காரோடு வந்து சேரவேண்டும், நனைந்து வந்தால் கோமதியைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீரபாகுவுக்குக் கோமதி என்றால் உயிர். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூவரும் டவுனுக்குப் போய்க் கார் சாமான் கடைக்காரரிடம் யோசனை கேட்டார்கள். அவர் ஒரு டப்பா கார் மெழுகை எடுத்து வைத்தார்.

"மூணு தடவ தேச்சு, காய வச்சு, துடைங்க. பொறவு மழை பெய்யும்போது பாருங்க. தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், ஒரு சொட்டு தங்காது."

ஆளுக்கு மூன்று தடவை தேய்த்தார்கள். கார் பளபளத்தது. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்தது.

கல்யாணத்தன்று பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெத்தையா வண்டியை ஓரங்கட்டினான். "மழை பெய்யும்போது பாருங்கன்னுல்லா கடைக்காரர் சொன்னாரு. உள்ள இருந்தா எப்படிண்ணே பாக்க?"

நியாயமான கேள்விதான். மாப்பிள்ளை உட்பட மூவரும் இறங்கி நின்று பார்த்தார்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பார்க்கப் பார்க்க மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அரை மணி நேரம் நின்றார்கள்.

திரும்ப ஏறப் போனபோது மாசானம் கையை நீட்டித் தடுத்தான். இத்தனை ஈரத்தோடு ஏறினால் வண்டி நனைந்துவிடாதா? அதுவும் நியாயம்தான். எனவே மழையில் காரைத் தள்ளிக்கொண்டே மண்டபத்துக்குப் போனார்கள். கார் மேல் ஒரு சொட்டு தங்கவில்லை. மாப்பிள்ளை மேல் ஒரு குடம் தங்கியிருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் வீரபாகு விம்மி விம்மி அழுதான். "கோமதி எனக்குக் கிடையாதாண்ணே?"

மாசானம் நிதானமாகக் கேட்டான். "ஏலே, காரு எப்படி நனையாம வந்துது?"

"மெழுகாலண்ணே."

"மிச்ச மெழுகு எங்க?"

"டிக்கில இருக்கு."

வீரபாகுவுக்குத் தலைமுதல் கால்வரை மூன்று தடவை தேய்த்து, மண்டபத்து மின்விசிறியில் காய வைத்து, துடைத்து, புது வேட்டி கட்டிவிட்டார்கள். ஆவுடையப்பன் மாப்பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

பெண்ணைத் தாரை வார்க்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் கையில் அவர் சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மறுபடியும் ஊற்றினார், மறுபடியும் ஓடியது. அண்ணன்மார் இருவரும் பெருமையோடு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் சொம்பைக் கீழே வைத்தார். "சொட்டுத் தண்ணி தங்காத கையில எம்பொண்ண எப்படிய்யா தாரை வாக்க?"

முகூர்த்தம் தப்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே தங்கும் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அண்ணன்மார் கைகளிலும் தேய்த்த மெழுகு இருந்தது. மெழுகு படாதது காரின் ஸீட் ஒன்றுதான் என்று பெத்தையாவுக்குச் சட்டென்று தோன்றியது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். ஸீட்டில் ஊற்றிய தண்ணீர் அப்படியே தங்கியது. உடனே கெட்டிமேளம் முழங்கியது.

முறைப்படி கோமதி காருக்கு வாழ்க்கைப்பட்டாள். பெரியவர்கள் மனமிரங்கி, வீரபாகுவும் டிரைவராகக் கூடவே இருந்துகொள்ளலாம் என்று சொன்னார்கள்.

தலைத் தீபாவளிக்கு ஆவுடையப்பன் மாப்பிள்ளைக்கு எட்டு முழ வேட்டி எடுத்து வந்து, காரைச் சுற்றிக் கட்டப் பார்த்தார். எட்டவில்லை.

"எம்பொண்ணு சமையல்ல மாப்பிள்ளை சதை போட்டுட்டாரு" என்று பூரித்துப்போய், இன்னொரு வேட்டி வாங்கக் கிளம்பினார்.