மணிப்புறா வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மணிப்புறாவுக்குக் கழுத்தில் மணியும் கிடையாது, பெயரில் மணியும் கிடையாது. வெறும் புறா. ஆனால் வாய் இருந்ததே, அப்பப்பா! காக்கை, அணில், மனுசர் எல்லோரும் ஒரே பேச்சுப் பேசிய காலம் அது. அத்தனை பேரிலும் அதிகமாகப் பேசியது புறாதான். கூரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். இன்றைக்கு அதைப் பார்த்து 'பாவம், சாதுவான பறவை' என்கிறவர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

அது குடியிருந்தது ஒச்சம்மா வீட்டுக் கூரை இடுக்கில். ஒச்சம்மா புருஷனைப் பறிகொடுத்தவள். ஒரே மகள், பெயர் பூமயில். மலையடிவாரத்தில் ஒரு மேட்டின்மேல் வீடு, கீழே ஓடை. குஞ்சாக இருந்தபோது கூட்டிலிருந்து விழுந்த புறாவை எடுத்துக் கேப்பைக் கூழ் ஊட்டி வளர்த்தவள் பூமயில். அதனால் புறாவும் அந்த வீட்டு ஆள் மாதிரிதான்.

பூமயிலுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். அங்கெல்லாம் அப்போது ஒரு வழக்கம் உண்டு. பெண் புறப்படும்போது, பெற்றவள் தன் வீட்டில், தன் கையால் கோத்த மணிமாலையை அவள் கழுத்தில் போட்டு அனுப்ப வேண்டும். வெறுங்கழுத்தோடு போகிறவளை, "ஏம்மா, உனக்கு ஆத்தா இல்லையா?" என்று போகிற இடத்தில் காலம் பூராவும் கேட்பார்கள்.

ஒச்சம்மா ஆறு மாதமாக மணி சேர்த்தாள். ஓடைக்கரைப் புல்லில் பால் நிறத்தில் ஒரு மணி காய்க்கும். அதற்குத் துளை தானாகவே இருக்கும். கறுப்பு மணிக்குப் பூந்திக்கொட்டை விதை. அதை ஊசியைப் பழுக்கக் காய்ச்சித்தான் துளைக்க வேண்டும். அவள் விரல் நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு. கற்றாழை நாரை மெல்லிசாக முறுக்கி, தேன்மெழுகு தடவி நூலாக்கினாள். ஒரு வெள்ளை, ஒரு முடிச்சு, ஒரு கறுப்பு, ஒரு முடிச்சு. அப்படித்தான் அந்த மாலை வரும்.

மெழுகு நூல் வழுக்கும். கடைசியில் ஒரு கட்டு முடிச்சு விழுகிறவரைக்கும் மறுநுனியை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் அத்தனை முடிச்சும் உருவிக்கொண்டு மணி கொட்டிவிடும். கல்யாணப் பெண் தன் மாலைக்குத் தானே நூல் பிடிக்கக்கூடாது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நூலின் நுனி புறாவின் அலகுக்குப் போனது.

முதல் தடவை பாதி மாலை ஆகியிருக்கும். சுவரில் ஓர் அணில் போயிற்று. "எங்க இவ்வளவு அவசரமா?" என்று கேட்டுவிட்டது புறா. மணியெல்லாம் முற்றத்தில் உருண்டோடியது. இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. "ஒச்சக்கா, மாலை என்னமா அழகா வருது!" என்று அதுவாகவே வாயைத் திறந்தது.

கொட்டிய மணிகளில் சிலதைக் கோழி விழுங்கியது, சிலது எறும்புப் புற்றுக்குள் போனது. பொறுக்கி எடுத்துப் பார்த்தால் வெள்ளையில் ஏழு குறைந்தது. விடிந்தால் கல்யாணம். ஒச்சம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"ஏ புறா, நல்லாக் கேட்டுக்க. இந்தத் தடவை நான் கட்டு முடிச்சுப் போட்டு முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. வீடே தீப்பிடிச்சாலும் திறக்கக் கூடாது. எம்மக வெறுங்கழுத்தோட போனா அந்தப் பாவம் உன்னையத்தான் சேரும்."

புறாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "திறக்க மாட்டேன் ஒச்சக்கா. பூமயிலு மேல சத்தியம்" என்றது.

பூமயில் சிரித்தாள். "போதும்த்தா, அதைப் போட்டுத் திட்டாத. ஏழு மணிதான? ஓடைக்குப் போயி ஒரு நொடியில பறிச்சுட்டு வாரேன். நீ இருக்கிற மணியப் பிடரிப் பக்கத்துக்குக் கோத்துக் கட்டு முடிச்சுப் போட்டு வை. முன்பக்கத்துக்கு நான் கொண்டு வர்ற மணி இருக்கட்டும்." பிறகு புறாவின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "எம்மேல சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் வச்சுக்க. வாயைத் திறந்தா எனக்குத்தான் கேடு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனாள்.

புறா சன்னலில் உட்கார்ந்து நூலைக் கவ்வியது. அங்கிருந்து பார்த்தால் ஓடை வளைந்து வருகிற இடம்வரை தெரியும். ஊரில் சுள்ளென்று வெயில். மலையில் மட்டும் கறுத்துக் கிடந்தது. பூமயில் ஓடை நடுவில் மணல் திட்டில் குனிந்து புல்லை விலக்கி விலக்கிப் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மலைப் பக்கம்.

அப்போதுதான் புறா பார்த்தது. மேலே, வளைவுக்கு அப்பால், செம்மண் நிறத்தில் தண்ணீர் மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தது.

ஒரு குரல் போதும். மூன்று வயல் தாண்டிக் கேட்கிற குரல். ஆனால் சத்தியம் பண்ணியது யார் மேல்? வாயைத் திறந்தால் பூமயிலுக்குக் கேடு என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். திறக்காவிட்டால் தண்ணீர் வருகிறது. பாவம், அந்தச் சின்னத் தலைக்குள் இரண்டும் சேர்ந்து சுழன்றது. ஒச்சம்மா கையில் மிச்சம் நாலு மணிதான், அதற்குள் முடிச்சு விழுந்துவிடும் என்று நினைத்தது.

சிறகை அடித்தது. காலை மாற்றி மாற்றி மிதித்தது. அலகை இறுக மூடிக்கொண்டே தொண்டையை விம்ம வைத்து, "க்கூம்... க்கூம்..." என்று முனகியது.

"ஏன் முனகுற? கொஞ்சம் பொறுக்க மாட்டியா?" என்றாள் ஒச்சம்மா, மணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு இருக்கு."

"க்கூம்... க்கூம்..."

"ரெண்டு."

தண்ணீர் வளைவில் திரும்பியது.

"ஆச்சு. இந்தா, கட்டு முடிச்சும் போட்டாச்சு!"

"பூமயிலு! தண்ணி! தண்ணி!" என்று கத்தியது புறா. அவள் நிமிர்ந்து வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மாலை முடிந்துவிட்டது என்று சந்தோஷத்தில் கூப்பிடுவதாக நினைத்துவிட்டாள். அதற்கப்புறம் மணல் திட்டும் இல்லை, அவளும் இல்லை.

சாயங்காலம் ஓடையின் கீழ்ப்பக்கம் புங்க மர வேரில் அவளைக் கண்டெடுத்தார்கள். முந்தானை முனையில் ஏழு வெள்ளை மணி, நனைந்து, இறுக முடிந்தபடியே இருந்தது. மாலையில் சேர்த்துக் கோத்துப் போடலாமே என்று யாரோ கேட்டார்கள். "அவ பறிச்சது அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள் ஒச்சம்மா. அப்படியே புதைத்தார்கள்.

மூன்று நாள் புறா இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் ஒச்சம்மா அதைக் கையில் எடுத்தாள்.

"நீ சன்னல்லதான இருந்த? தண்ணி வர்றதை முன்னாடியே பாத்தியா?"

புறா தலையை ஆட்டியது.

"பாத்துமா? அப்பவே ஒரு சத்தம் போட்டிருக்கலாமேடி! எம்புள்ள மேடேறி வந்திருப்பாளே!"

'வீடே தீப்பிடிச்சாலும் வாயைத் திறக்காதேன்னு சொன்னது நீதான ஒச்சக்கா?' என்கிற வார்த்தை புறாவின் அலகு வரைக்கும் வந்தது. அது அவள் விரல்களைப் பார்த்தது. நுனியெல்லாம் ஊசிச் சூட்டுத் தழும்பு. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இவள் அப்புறம் ஒரு நாள்கூட உயிரோடு இருக்க மாட்டாள் என்று அதற்குத் தெரிந்தது. வாயாடிப் புறா வாயை மூடிக்கொண்டது. தான் போட்ட கட்டளை ஒச்சம்மாவுக்கு எப்போதாவது நினைவு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு, சுவர்ப் பிறையில் கிடந்த அந்தக் குறை மாலையை எடுத்து வந்தாள். "போட்டுப் பாக்க வேற கழுத்து இல்ல" என்றாள். புறாவின் பிடரியில் மணிகள் வரிவரியாகப் படியும்படி சுற்றிச் சுற்றிக் கட்டினாள். முன்பக்கம் வெறும் நூல்தான் ஓடியது. அங்கே வர வேண்டிய மணிகள் மண்ணுக்குள் இருந்தன. அந்த நூலும் வெயிலிலும் மழையிலும் இற்றுப் போனது.

அன்று முதல்தான் மணிப்புறாவுக்குப் பிடரியில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக மணி, முன்கழுத்து வெறுமை. அன்று முதல்தான் அது யாரோடும் பேசுவதில்லை. பட்டப்பகலில் எங்கோ உட்கார்ந்து முனகுகிறதே, அப்போது மெள்ளப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தொண்டை மட்டும் விம்மும், அலகு மூடியே இருக்கும். ஒச்சம்மாவுக்குச் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறது.