சொற்பொழிவு நடக்கிறது

காய்ச்சல் ஊரைப் பிடித்து இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. குஞ்சிதபாதம் ஒரு காலை நேரத்தில் குன்றின் மேலிருந்த மடத்துக்கு ஏறி வந்தார்.

அவர் அடிவாரத்து அறக்கட்டளை மருத்துவமனையின் நிர்வாகி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தின் தலைவி ஞானாம்பிகை அம்மையாருக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அம்மையாரைத்தான் அவர் குருவாக ஏற்றிருந்தார்.

அம்மையார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"நர்ஸுங்க முகத்துல சிரிப்பே இல்லைம்மா. நேத்து தமயந்தின்னு ஒரு பொண்ணு வார்டுலேயே மயங்கி விழுந்துட்டா. சில பேர் சொல்லாமக் கொள்ளாம வேலையை விட்டு நின்னுட்டாங்க. மனசுல உறுதி போதலை. நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசணும்."

"எதைப் பத்தி?"

"சேவையைப் பத்தி. பொறுமையைப் பத்தி."

"இதுவரைக்கும் அவங்களுக்கு என்ன செஞ்சீங்க?"

குஞ்சிதபாதத்தின் குரலில் உற்சாகம் வந்தது. வாசலில் 'வெள்ளுடைத் தெய்வங்களே, வணங்குகிறோம்' என்று பெரிய பேனர் கட்டியதைச் சொன்னார். எல்லோர் மேலும் பூத்தூவியதைச் சொன்னார். ட்யூட்டி முடிந்ததும் சிரிப்புப் பயிற்சி நடத்தியதையும் சொன்னார்.

"ட்யூட்டி முடிஞ்சப்புறமா?"

"ஆமாம்மா. எல்லாரும் கட்டாயம் இருக்கணும்னு சொல்லிட்டேன். இல்லைன்னா வீட்டுக்கு ஓடிடறாங்க."

அம்மையாரின் கை கீரையிலேயே நின்றது.

"அவங்க என்ன கேட்டாங்க?"

"அதெல்லாம் சின்ன விஷயம்மா. கொஞ்ச நேரம் தலை சாய்க்க ஒரு ரூம் வேணுமாம். கூட ஆள் போடணுமாம். சாப்பிடுறப்போ கூப்பிடக் கூடாதாம். ஊரே தவிக்குது, இந்த நேரத்துல கேக்குற விஷயமா இது?"

அம்மையார் கீரையை ஒதுக்கி வைத்தார்.

"நாளைக்கு வரேன்" என்றார்.

மருத்துவமனை மாடியில் ஒரு கூட்ட அரங்கு இருந்தது. தரை முழுக்க ஜமக்காளம். தலைக்கு மேல் மின்விசிறிகள். காலை ட்யூட்டி முடித்தவர்களை நேராக அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஆள் குறைவு என்பதால் அவர்களில் பாதிப் பேருக்கு மாலையிலும் வேலை இருந்தது. நடுவில் கிடைத்த நேரம்தான் சொற்பொழிவுக்கு.

வந்து உட்கார்ந்தார்கள். முகக்கவசம் அழுத்திய தழும்பு எல்லோருடைய மூக்கின் மேலும் சிவந்து கிடந்தது. ஒருத்தி உட்காரும்போது கையை ஊன்றி, முனகலை அடக்கிக்கொண்டாள்.

அம்மையார் மேடையில் ஏறவில்லை. அவர்களுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான் என்ன பேசணும்னு நீங்க சொல்லுங்க."

தலைமை நர்ஸ் எப்சிபா எழுந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க மனசு நல்லாத்தான் இருக்கு. காலுதான் நிக்க மாட்டேங்குது."

குஞ்சிதபாதம் ஓரத்திலிருந்து, "சிஸ்டர், அம்மாகிட்டப் போய் இதையெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லட்டும்" என்றார் அம்மையார்.

"வராந்தாவுல ஒரு பெஞ்சு கிடந்துச்சு. முறை வச்சு உட்காருவோம். பாக்க வர்றவங்களுக்கு நர்ஸுங்க சும்மா இருக்குற மாதிரி தெரியுதுன்னு சார் அதை எடுத்துட்டாரு. உட்காராம நிக்கிறதுகூடப் பழகிடுச்சும்மா. நேத்து ஒரு ஊசியைக் கையில எடுத்துட்டேன். யாருக்குப் போடணும்ங்கிறது மறந்துபோச்சு. அந்த ஊசியோட அப்படியே நின்னேன். இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன், எனக்கு இப்படி ஆனதே இல்லை. யாரையாவது கொன்னுடுவோமோன்னு பயமா இருக்கு. நாளைக்கு நான் வரப்போறது இல்லை. இங்க இருக்குற நிறையப் பேரு வரமாட்டாங்க."

அழவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அம்மையார் எழுந்து போய் ஒலிபெருக்கியை அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தி விளக்குகளையும் அணைத்தார்.

"படுங்க" என்றார்.

அவர்கள் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார்கள்.

"அவரைப் பாக்காதீங்க. பேச வந்தவ நான். படுங்க."

முதலில் ஒருத்தி சாய்ந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். எப்சிபா கடைசியாகக் கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டார். அம்மையார் குஞ்சிதபாதத்தை வெளியே போகச் சொல்லி, தானும் வந்து கதவைச் சாத்தினார். வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

சிறிது நேரத்தில் அறங்காவலர் அரங்கசாமி படியேறி வந்தார். பின்னால் இரண்டு பேர் பொன்னாடைகளைச் சுமந்து வந்தார்கள். ஒரு புகைப்படக்காரரும் இருந்தார்.

"சொற்பொழிவு முடிஞ்சிடுச்சாம்மா?"

"நடக்குது."

"உள்ள சத்தமே இல்லையே?"

"அவ்வளவு கவனமாக் கேக்குறாங்க."

அரங்கசாமி கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எல்லாரும் தூங்குறாங்க. இதென்ன அநியாயம்? இவங்களை நாங்க தெய்வமா மதிக்கிறோம். பேனர்லயே அப்படித்தான் எழுதியிருக்கோம்."

"தெய்வத்துக்குப் பசிக்காது. கால் வலிக்காது. கூட ஆள் கேக்காது" என்றார் அம்மையார். "அதுக்குத்தானே அந்தப் பேரு வச்சீங்க?"

புகைப்படக்காரர் கேமராவை இறக்கிக்கொண்டார்.

குஞ்சிதபாதம் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, மாலை ட்யூட்டிக்கு நேரமாச்சு. இவங்க எழுந்திரிக்கலைன்னா கீழ ஆள் போதாது. மருந்தை அங்க இருக்குற நர்ஸுங்களும் டாக்டருங்களும் பாத்துக்குவாங்க. தண்ணி குடுக்க, விரிப்பு மாத்த, ஸ்ட்ரெச்சர் தள்ள யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்க. இவங்க இருக்காங்க" என்று அம்மையார் அரங்கசாமியையும் கூட வந்தவர்களையும் காட்டினார்.

அரங்கசாமிக்கு அப்போதுதான் வேறொரு கூட்டம் நினைவுக்கு வந்தது. பொன்னாடை சுமந்தவர்களோடு இறங்கிப் போனார். புகைப்படக்காரர் மட்டும் கேமராவை ஒரு மூலையில் வைத்துவிட்டு, "நான் வரேன் சார்" என்றார்.

இருவரும் கவச உடை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போனார்கள்.

உடைக்குள் வியர்வை வழிந்தது. துடைக்க வழியில்லை. தாகம் எடுத்தால் உடையைக் கழற்றாமல் குடிக்க முடியாது. குஞ்சிதபாதம் தண்ணீர் கொடுத்தார். நனைந்த விரிப்புகளை உருவினார். ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார். இன்னொரு கட்டிலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வராந்தாவுக்கு வந்து உட்கார இடம் தேடினார். இடம் இல்லை. சுவரில் சாய்ந்தார்.

"சாயாதீங்க சார். உடை கிழிஞ்சிடும்" என்றாள் மருந்துத் தட்டோடு போன ஒரு நர்ஸ்.

அவள் கண்களை வைத்து அடையாளம் கண்டார். "நீ தமயந்தி இல்லை? அன்னிக்கு மயங்கி விழுந்தவ?"

"ஆமா சார்."

"மறுபடி ஏம்மா வேலைக்கு வந்தே?"

"நீங்கதான் சார் லீவு இல்லைன்னு சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அரங்குக் கதவு திறந்தது. எப்சிபா கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார். குஞ்சிதபாதத்தின் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க சார்" என்றார்.

"நாளைக்கு வருவீங்களா சிஸ்டர்?"

"தெரியலை சார்."

குஞ்சிதபாதம் அன்றைக்கே அறங்காவலர்களின் குளிர்சாதன அறையைத் திறந்து மேஜைகளை வெளியே போட்டார். நர்ஸுகள் தலை சாய்க்கக் கட்டில்கள் போடச் சொன்னார். தமயந்தியை வீட்டுக்கு அனுப்பினார். பக்கத்து ஊர்களில் வேலையை விட்டு வீட்டில் இருந்த நர்ஸுகளைத் தேடிப் போய்க் கூப்பிட்டார். சாப்பாட்டு நேரத்தில் யாரையும் கூப்பிடக் கூடாது என்று வார்டு வார்டாகச் சொன்னார். அரங்கசாமி தொலைபேசியில் கத்தினார். "என்னை வேணா எடுத்துடுங்க. கட்டிலை எடுக்க விடமாட்டேன்" என்று சொல்லிக் குஞ்சிதபாதம் தொலைபேசியை வைத்துவிட்டார்.

எப்சிபா மறுநாள் வந்தார். சிலர் வரவில்லை. அவர்கள் பிறகும் திரும்பவே இல்லை.

காய்ச்சல் தணிந்த பிறகு குஞ்சிதபாதம் மறுபடி குன்றேறினார். அம்மையாரின் எதிரே உட்கார்ந்தார். மனத்தாங்கலோடு கேட்டார்.

"முதல் நாள் நான் இங்க வந்தப்போவே உங்களுக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நீங்க சொன்னா நான் கேட்டிருப்பேனே."

"தெரியும்" என்றார் அம்மையார். "அதையே நர்ஸுங்க முன்னாடியே சொன்னப்போ, அவங்க வார்த்தையில என்ன குறை கண்டீங்க?"